சமையலறைக் கழிவை வீட்டிலேயே எருவாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கித்தான் வளர்ந்தது. வடசென்னையில் கொடுங்கையூரிலும் பல பத்தாண்டுக் குப்பை மலையாகக் குவிந்தது. அதைத் தோண்டி, சலித்து, பிரித்து நிலத்தை மீட்பதற்குப் பெரும் பணம் செலவாகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் பற்றிய தீயை முழுதாக அணைக்க நாள்கணக்கில் ஆனது. சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. இத்தகைய கிடங்குகளில் தீ மூளவும் பரவவும் துணைபோவது குப்பைக்குள் சேரும் மீத்தேன் வாயு. காற்றுப் புகாமல் அமுங்கிக் கிடக்கும் சோறும் காய்கறித் தோலும் பூவும் வாழை இலையும் அழுகும்போது அது உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் புவியைச் சூடாக்கக்கூடியது.

இந்திய நகரங்களின் குப்பையில் ஏறத்தாழப் பாதி மட்கும் பொருள். அதற்குக் காற்றும் காய்ந்த சருகும் கிடைத்தால் மீத்தேனுக்குப் பதிலாக எரு கிடைக்கும். இதற்குத் தோட்டம் தேவையில்லை. மழை படாத ஒரு பால்கனி மூலையும் இரண்டு வாளிகளும் போதும்.

ஆர்வத்தோடு தொடங்கும் பலர் ஒன்றிரண்டு மாதங்களில் விட்டுவிடுகிறார்கள். நாற்றம் வந்தது, புழு வந்தது, வீட்டில் சண்டை வந்தது என்பார்கள். விசாரித்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஈரக் கழிவுக்கு ஈடாகக் காய்ந்த பொருள் போடவில்லை. விலை உயர்ந்த தொட்டி வாங்கியவருக்கும் சருகு இல்லையென்றால் தோல்விதான். பழைய பெயின்ட் வாளியில் செய்பவரிடம் ஒரு மூட்டைச் சருகு இருந்தால் போதும், எரு வந்துவிடும். ஆகவே தொட்டி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் சருகு சேர்க்கத் தொடங்குங்கள். இந்த வழிகாட்டியிலிருந்து ஒன்றை மட்டுமே கடைப்பிடிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

முதல் படி: வாளிக்குப் போவதைக் குறையுங்கள்

ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. கெட்டுப்போன கத்தரிக்காயை எருவாக்கலாம். ஆனால் அதை விளைவித்த தண்ணீரும், பறித்தவரின் உழைப்பும், ஏற்றி வந்த லாரியின் டீசலும் எருவாகத் திரும்பி வராது.

ஒரு வாரம் உங்கள் சமையலறைக் கழிவை இரண்டு பாத்திரங்களில் பிரித்துப் போட்டு எடை பாருங்கள். ஒன்றில் தோல், காம்பு, சக்கை, காபித் தூள் முதலிய உண்ண முடியாதவை. மற்றொன்றில் உண்ணத்தக்கதாக இருந்து வீணானவை: ஃபிரிட்ஜின் அடித்தட்டில் அழுகிய தக்காளி, மூன்றாம் நாள் சாம்பார், வாடிப்போன கீரைக்கட்டு. நான்கு பேர் உள்ள வீட்டில் இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை இருக்கலாம். இரண்டாவது பாத்திரம் கனத்தால், திருத்த வேண்டியது சந்தைக்குப் போகும் முறையை. கீரையை வாங்கிய அன்றோ மறுநாளோ சமைத்துவிடுவது, அரிசி வைக்கும் முன் இரவு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்வது ஆகிய இரண்டு பழக்கங்களே பெரும்பகுதியைக் குறைத்துவிடும்.

முதல் பாத்திரத்திலும் குறைப்பதற்கு இடமுண்டு. நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் போதும். பீர்க்கங்காய்த் தோலில் துவையல், வாழைக்காய்த் தோலில் பொரியல், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியில் கூட்டு, ஆரஞ்சுத் தோலில் புளிக்குழம்பு, கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு, காலிஃபிளவர் தண்டு குருமாவுக்கு. பூச்சிமருந்து பற்றிய கவலை நியாயமானது. தோலைச் சமைப்பதானால் நன்றாகக் கழுவிய பிறகே செய்யுங்கள். மிஞ்சிய சோற்றைத் தண்ணீர் ஊற்றிப் பழைய சோறாக்கலாம், கோடையில் வடகம் இடலாம். அரிசி கழுவிய கழுநீரைச் செடிக்கு ஊற்றலாம்.

பக்கத்தில் மாடு வளர்ப்பவர் இருந்தால் பழத்தோலும் கீரைக் காம்பும் அங்கே போகட்டும். அதைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தெருவில் வைக்காதீர்கள். மாடு பையோடு விழுங்கிவிடும். ஒரே நேரத்தில் நிறையச் சோறும் கொடுக்கக் கூடாது. மாவுப்பொருள் மிகுந்தால் மாட்டின் வயிற்றில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகும். பொங்கல் நாள்களில் கால்நடை மருத்துவர்கள் இதை எச்சரிப்பதுண்டு.

இரண்டாம் படி: சருகு சேருங்கள்

சருகு ஏன் வேண்டும் என்பது புரிந்துவிட்டால் அளவுகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஆற்றலுக்குக் கரிமம் (கார்பன்) வேண்டும், உடலைக் கட்டத் தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். தழைச்சத்து ஒரு பங்கென்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு இருப்பது அவற்றுக்கு உகந்தது. சமையலறையின் பச்சைக் கழிவில் இந்த விகிதம் சுமார் 15 முதல் 20 வரைதான். தழைச்சத்து மிகுதி, தண்ணீரோ மிக மிகுதி. வைக்கோலில் கரிமம் சுமார் 80 பங்கு, தென்னை நார்க் கழிவில் 100க்கும் மேல், மரத்தூளில் பல நூறு. மரத்துச் சருகு இடைப்பட்டது. இரண்டையும் கலந்தால் விகிதம் நடுவில் வந்து நிற்கும். அதோடு, சருகு அதிகப்படியான ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது, இடையிடையே காற்றுக்கு வழிவிடுகிறது. ஆக, சருகு ஒன்றே மூன்று வேலை செய்கிறது.

நம் கிராமத்து எருக்குழியில் சாணம், கூளம், சாம்பல், மாட்டுக்குப் போட்டு மிஞ்சிய வைக்கோல் எல்லாம் ஒன்றாக விழுந்தன. விகிதம் தானாக அமைந்துவிட்டது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிர் ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டும், உடன் பணியாற்றிய யஷ்வந்த் வாடும் இத்தகைய நாட்டு முறைகளைக் கவனித்து, பச்சை, காய்ந்தது, சாணம் என அடுக்கி, குறித்த இடைவெளியில் கிளறும் ‘இந்தூர் முறை’யை உருவாக்கினார்கள். இன்று உலகெங்கும் வீட்டுத் தொட்டிகளில் நடப்பது பெருமளவு அதன் வழிவந்ததுதான். நகரத்து அடுக்குமாடி வீட்டில் பச்சைக் கழிவு தினமும் சேர்கிறது, கூளம் மட்டும் இல்லை. அந்தக் கூளத்தை நாம்தான் தேடிக்கொண்டுவர வேண்டும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் தை முதல் பங்குனி வரை இலையுதிர்வு மிகுதி. வேம்பு, புங்கை, பூவரசு, தூங்குமூஞ்சி, நாட்டு வாதுமை என்று தெருவெல்லாம் சருகு கிடக்கும். பல இடங்களில் கூட்டிக் கொளுத்திவிடுகிறார்கள். குடியிருப்பில் கூட்டுபவரிடம் சொல்லிவைத்தால் மூட்டைமூட்டையாகக் கிடைக்கும். கேட்டு வாங்குங்கள், அவருடைய சிரமத்துக்கு ஏதாவது கொடுங்கள். தூங்குமூஞ்சியின் சிறிய இலைகள் மிக விரைவில் மட்கும். மாவிலையும் வாதுமை இலையும் தடித்தவை. நொறுக்காமல் போட்டால் நீண்ட நாள் அப்படியே கிடக்கும். வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த சருகைக் கோணிப்பையில் போட்டு மிதித்தால் தூளாகும். மழைக்காலத்துக்குத் தேவையானதை ஆடிக்குள் சேர்த்து, தரையில் படாமல் உயரத்தில் வைத்துவிடுங்கள்.

சருகு கிடைக்காதவர்களுக்குத் தென்னை நார்க் கழிவு இருக்கிறது. நர்சரிகளில் கட்டியாக விற்கிறார்கள். ஊறவைத்தால் பல மடங்கு பெருகும். அதில் உப்பு இருக்கலாம் என்பதால் ஒரு முறை அலசிப் பிழிந்து, உலர்த்திப் பயன்படுத்துங்கள். மரத்தூள் என்றால் பிளைவுட் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். கட்டை அறுக்கும் பட்டறைத் தூள் நல்லது, ஆனால் சிறிதளவே போட வேண்டும். செய்தித்தாளையும் முட்டை அட்டையையும் கிழித்துப் போடலாம். பளபளப்பான விளம்பரத் தாள் வேண்டாம்.

மூன்றாம் படி: வாளியைத் தயார் செய்யுங்கள்

மூடியுள்ள 20 அல்லது 25 லிட்டர் வாளிகள் இரண்டு. பக்கவாட்டில் நான்கு விரல் இடைவெளியில் சுண்டுவிரல் நுழையாத அளவுக்குத் துளைகள், அடியில் ஆறேழு துளைகள், மூடியில் சில. டிரில் இருந்தால் நல்லது. கம்பியைக் காய்ச்சிக் குத்துவதானால் திறந்தவெளியில் செய்யுங்கள். பிளாஸ்டிக் புகை மூச்சுக்குக் கேடு. உட்புறத்தில் கொசுவலைத் துணி ஒட்டிவிட்டால் ஈக்கள் நுழையா. வாளியை இரண்டு செங்கல் மீது ஏற்றி, அடியில் தட்டு வையுங்கள்.

மண்பானை என்றால் இன்னும் நல்லது. பானை தன் சுவர் வழியாகவே ஈரத்தை வெளியேற்றும். பெங்களூரின் டெய்லி டம்ப் நிறுவனம் பரவலாக்கிய மூன்றடுக்குப் பானை இப்போது தமிழ்நாட்டிலும் கிடைக்கிறது. உங்கள் ஊரில் குயவர் இருந்தால் அவரிடமே துளையிட்டுச் செய்யச் சொல்லலாம். சூளையில் வைக்கும் முன்பே துளை போட வேண்டும் என்பதால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மின்சாரத்தில் ஒரே நாளில் ‘உரம்’ தரும் இயந்திரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் பல, கழிவைச் சூடாக்கி உலர்த்தி அரைத்துத் தருகின்றன. அது உலர்ந்த கழிவு. நுண்ணுயிர்கள் வேலையே தொடங்கியிருக்காது. செடிக்குப் போட்டுத் தண்ணீர் ஊற்றியதும் அழுகத் தொடங்கி நாறும். ‘மட்கும் பிளாஸ்டிக்’ பைகளும் அப்படித்தான்: பெரிய ஆலைகளின் நீடித்த சூட்டில் மட்குவதற்காகச் செய்யப்பட்டவை பல. வீட்டு வாளியில் அவை பையாகவே கிடக்கும்.

வாளி வைக்கும் இடம் நிழலாக, மழைச்சாரல் படாததாக, சமையலறையிலிருந்து நாலெட்டில் இருக்க வேண்டும். மொட்டைமாடியில் வைத்தால் ஒரு வாரத்துக்குப் பிறகு யாரும் ஏற மாட்டார்கள்.

நான்காம் படி: தினசரி வேலை

முதல் நாள் வாளியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சுள்ளி, தேங்காய் நார், சருகு பரப்புங்கள். அதன்மேல் தோட்டத்து மண்ணோ பழைய எருவோ காய்ந்த சாணத்தூளோ இரண்டு கை தூவுங்கள். தொடக்க நுண்ணுயிர்கள் அதிலிருந்தே வந்துவிடும். புளித்த மோரில் சிறிது வெல்லம் கரைத்துத் தெளிப்பதும் நல்ல தொடக்கம். கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூள் கட்டாயமில்லை.

பிறகு ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கழிவின் தண்ணீரை வடித்துவிடுங்கள். பெரிய தோல்களை இரண்டு விரல் அளவுக்கு நறுக்குங்கள். வாளியில் போட்டுப் பரப்புங்கள். கழிவு ஒரு கிண்ணம் என்றால் நொறுக்கிய சருகு ஒன்றரை முதல் இரண்டு கிண்ணம். உலர்ந்த நார்க் கழிவு என்றால் முக்கால் முதல் ஒரு கிண்ணம் போதும், ஏனெனில் அது அதிகம் உறிஞ்சும். பாதியைக் கழிவோடு கலந்துவிட்டு, மீதியால் கழிவு கண்ணில் படாதபடி மூடுங்கள். இந்த மூடல்தான் ஈக்கும் நாற்றத்துக்கும் எதிரான காவல். அவசரத்தில்கூட இதை விட்டுவிடாதீர்கள். சருகு டப்பாவை வாளிக்குப் பக்கத்திலேயே வைத்தால் மறக்காது.

மூன்று நாலு நாளுக்கு ஒரு முறை அடிவரை ஒரு குச்சியால் கிளறுங்கள். கிளறும்போது காற்று உள்ளே போகிறது. நுண்ணுயிர்கள் மீண்டும் வேகம் பிடிக்கும், கை வைத்தால் இளஞ்சூடு தெரியும். பெரிய குவியல்கள் 60 பாகை செல்சியஸைத் தொடும். சிறிய வாளிக்கு அவ்வளவு சூடு பிடிக்காது. களை விதையும் நோய்க்கிருமியும் வீட்டு வாளியில் முழுதாகச் சாகாததற்கு அதுதான் காரணம். தக்காளியும் பூசணியும் எருவிலிருந்து தாமாகவே முளைத்துவரும். நாய், பூனைக் கழிவையும், நோய் தாக்கிய செடியையும் வாளியில் சேர்க்கவே கூடாது.

ஈரத்தைக் கையால் அறியலாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். பிழிந்து உதறிய துணியின் ஈரம் இருக்க வேண்டும்; ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. தண்ணீர் ஒழுகினால் சருகு போடுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்துபோனால் தண்ணீர் தெளியுங்கள். அளவுக் கணக்கு குழப்பினால் அதை விட்டுவிட்டு இந்தச் சோதனையை மட்டும் நம்புங்கள்.

எதைப் போடலாம், எது வேண்டாம்

காய்கறி, பழத் தோல்கள், கீரைக் காம்பு, டீத்தூள், ஃபில்டர் காபித் தூள், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, வாடிய பூ, கிழித்த வாழை இலை எல்லாம் போகலாம். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடுங்கள். பூமாலையிலிருந்து நைலான் நூலையும் ஜிகினாவையும் எடுத்துவிடுங்கள். வாழைநாரில் கட்டியதென்றால் அப்படியே போடலாம். டீ பைகளில் பிளாஸ்டிக் இழை கலந்திருக்கலாம் என்பதால் பிரித்துத் தூளை மட்டும் போடுங்கள்.

முருங்கைச் சக்கை, மாங்கொட்டை, சோளக் கதிரின் தண்டு, கரும்புச் சக்கை எல்லாம் மட்கும், ஆனால் நீண்ட நாளாகும். சலிக்கும்போது எடுத்து அடுத்த வாளியில் போட்டுக்கொண்டே இருங்கள். தேங்காய்ச் சிரட்டையை வாளியில் போடுவது வீண். தொட்டியின் அடியில் வடிகாலாக வைக்கலாம்.

எலுமிச்சைத் தோலும் புளிச் சக்கையும் கொஞ்சம் கொஞ்சமாக. சமைத்த உணவில் உப்பும் எண்ணெயும் இருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வாளி முடியும்வரை அதைத் தவிர்ப்பது நல்லது. பிறகு ஒரு பிடிச் சோறு, இரண்டு இட்லி என்றால் பாதகமில்லை. சாம்பாரைத் தண்ணீரில் அலசி வடித்துப் போடுங்கள். ஊறுகாய், பொரித்த எண்ணெய், பால் வேண்டாம்.

அசைவக் கழிவை வாளியில் போட்டால் எலியும் பூனையும் தேடி வரும். மீன் கழிவுக்கு நம் இயற்கை விவசாயிகள் கையாளும் நல்ல வழி ஒன்று உண்டு: மீன் கழிவும் பொடித்த வெல்லமும் சம எடை எடுத்து, மூடியுள்ள டப்பாவில் நிழலில் வைக்க வேண்டும். அவ்வப்போது மூடியைச் சற்றுத் திறந்து வாயுவை விடுங்கள். சுமார் ஒரு மாதத்தில் தேன் நிறத் திரவம் பிரியும், துர்நாற்றமும் அடங்கிவிடும். வடிகட்டி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வீதம் கலந்து செடிகளுக்குத் தெளிக்கலாம். இதுதான் மீன் அமிலம்.

நாற்றமும் புழுவும்: வாளி சொல்லும் செய்தி

சரியாக நடக்கும் வாளியில் முதல் மழைக்கு எழும் மண்வாசனை வரும். வேறு எந்த வாசனை வந்தாலும் காரணத்தை மூக்கே சொல்லிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்றால் உள்ளே காற்றில்லை, ஈரம் மிகுந்துவிட்டது. மொத்தத்தையும் ஒரு கோணியில் கொட்டி, சருகு கலந்து, ஓரிரு மணி நேரம் ஆறவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஒரே நாளில் சரியாகிவிடும். மூக்கைத் துளைக்கும் சிறுநீர் நெடி என்றால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துகொண்டிருக்கிறது. செடிக்குச் சேர வேண்டிய சத்து வீணாகிறது என்று பொருள். மருந்து அதே சருகுதான். புளித்த கள் நெடி வந்தால் பழமோ சோறோ கூடிவிட்டது.

புழுதான் பலரை விரட்டுகிறது. நிதானமாகப் பாருங்கள். தட்டையாக, பழுப்பு நிறத்தில், வளையம் வளையமாக, முக்கால் அங்குல நீளத்தில் நெளிந்தால் அது ‘பிளாக் சோல்ஜர்’ என்னும் கறுப்பு ஈயின் இளம்புழு. கழிவைத் தின்று தீர்ப்பதில் அதற்கு இணை அரிது. வளர்ந்த ஈ கடிக்காது. உணவுப் பண்டங்களைத் தேடி வீட்டுக்குள் வந்து மொய்ப்பதும் இல்லை. அருவருப்பை விட்டுவிட்டால் அது உங்கள் வேலைக்காரன். வேண்டாமென்றால் சருகைக் கூட்டுங்கள்; வறண்ட இடத்தில் அது தங்காது. வெள்ளையாக, மழமழப்பாக, சிறிதாக இருப்பது வீட்டு ஈயின் புழு. அது வந்தால் கழிவு மூடப்படாமல் கிடந்தது என்று அர்த்தம். நன்றாகக் கிளறி, இரண்டு விரல் தடிமனுக்குச் சருகு மூடி, வாளியை ஒரு நாள் வெயிலில் வையுங்கள்.

வெள்ளைப் பூஞ்சை படர்ந்தால் மகிழுங்கள். நாரையும் சருகையும் உடைப்பது அதுதான். கிளறினால் மறைந்துவிடும். வாழைப்பழத் தோலோடு வரும் பொடி ஈக்களின் முட்டை கடையிலேயே இடப்பட்டிருக்கும். பழத் தோலை மட்டும் வாளியின் நடுவில் புதையுங்கள். எறும்பு வந்தால் வாளி காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துக் கிளறினால் இடம் மாற்றிக்கொண்டு போய்விடும்.

கொசுவைப் பற்றி அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். மட்கும் கழிவில் கொசு முட்டையிடாது, அதற்குத் தேங்கிய தண்ணீர் வேண்டும். வாளிக்கு அடியில் வைத்த தட்டு அப்படிப்பட்ட இடமாகிவிடக்கூடும். டெங்கு பரவும் மாதங்களில் அந்தத் தட்டைத் தினமும் காலி செய்யுங்கள். வடிந்த நீர் நாறவில்லை என்றால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பூச்செடிகளுக்கு ஊற்றலாம், கீரைக்கு வேண்டாம். நாறினால் சாக்கடையில் விட்டுவிட்டு வாளியில் சருகு கூட்டுங்கள். சருகு சரியாக இருந்தால் அநேகமாக நீரே வடியாது.

வடகிழக்குப் பருவமழையில், ஐப்பசி, கார்த்திகையில், காற்றே ஈரமாக இருக்கும். வழக்கமான அளவில் சருகு போட்டாலும் போதாது. அரைப்பங்கு கூட்டுங்கள், கிளறுவதை இரட்டிப்பாக்குங்கள், மூடிமேல் ஒரு தகரமோ ஓடோ வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எதிர்ச் சிக்கல்: வாளி காய்ந்து வேலை நின்றுவிடும். வாரம் ஒரு முறை நீர்மோர் தெளித்தால் போதும்.

ஐந்தாம் படி: நிரம்பிய பின் பொறுமை

நான்கு பேர் வீட்டில் 25 லிட்டர் வாளி நிரம்ப ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மட்கும்போதே உள்ளே இறங்கிக்கொண்டிருப்பதால் சில நேரம் கூடுதலாகவும் பிடிக்கும். நிரம்பியதும் மேலே சருகு போட்டு மூடி ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். மூடிய வாளியில் புதிதாக எதையும் போடாதீர்கள். வாரம் ஒரு முறை கிளறி, ஈரம் பாருங்கள். நம் ஊர்ச் சூட்டில் இன்னும் ஆறு முதல் எட்டு வாரத்தில் எரு தயாராகிவிடும். அதற்குள் இரண்டாவது வாளியும் நிரம்பிவிட்டால் மூன்றாவது வாளியோ காற்றோட்டமான கோணிப்பையோ தேவைப்படும்.

கறுத்து, உதிரியாக, எது கத்தரிக்காய், எது வாழைத்தோல் என்று அடையாளம் தெரியாமல் இருந்தால் பார்வைக்குத் தயார். ஆனால் கண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பிடி ஈர எருவைப் பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்து முகருங்கள். நாறினால் இன்னும் மட்க வேண்டியது இருக்கிறது. வெந்தயத்தை வைத்தும் சோதிக்கலாம்: ஒரு கிண்ணத்தில் எருவும் மண்ணும் சமமாகக் கலந்து பத்து வெந்தயம், இன்னொன்றில் வெறும் மண்ணில் பத்து வெந்தயம். மூன்று நாலு நாளில் இரண்டிலும் ஒரே அளவுக்கு முளைத்தால் எரு பக்குவம். எருக் கிண்ணத்தில் முளைப்பு குறைந்தால் இன்னும் இரண்டு வாரம் ஆறவிடுங்கள். முழுதாக மட்காத எருவை இட்டால் அது மண்ணில் கிடந்து மட்குவதற்குச் செடியின் தழைச்சத்தையே பிடுங்கிக்கொள்ளும், இலைகள் மஞ்சளாகும்.

மணல் சலிக்கும் கம்பிச் சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்கும் கொட்டையும் சுள்ளியும் அடுத்த வாளிக்கு அடித்தளமாகட்டும். நுண்ணுயிர்கள் அவற்றில் ஏற்கெனவே குடியிருப்பதால் புது வாளி சீக்கிரம் சூடு பிடிக்கும். போட்ட பச்சைக் கழிவின் எடையில் நான்கில் ஒரு பங்கு, சில நேரம் அதற்கும் குறைவாகவே எரு கிடைக்கும். மீதி நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் போய்விட்டது.

மண்புழு பற்றிச் சிறு குறிப்பு. கழிவைத் தின்னும் மண்புழுக்கள் மேல்மட்டத்தில் வாழ்பவை; தமிழ்நாட்டில் பெரும்பாலும் யூட்ரிலஸ், ஐசீனியா இனங்களை வளர்க்கிறார்கள். வயலில் ஆழமாகத் துளைக்கும் புழுவைப் பிடித்து வாளியில் விட்டால் வாழாது. பாதி மட்கிய, சூடு தணிந்த கழிவில்தான் புழுவை விட வேண்டும். நிழல், தளராத ஈரம், எறும்பு வராத ஏற்பாடு மூன்றும் கட்டாயம். மண்புழு உரம் சிறந்தது. ஆனால் வெளியூர் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முதல் ஆண்டில் வாளியே போதும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்தால் இன்னும் எளிது. ஒரு கன மீட்டர் கம்பிவலைக் கூண்டில் குவியல் நன்றாகச் சூடேறி விரைவில் மட்கும். 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் மட்கும் குப்பையை இயன்றவரை வளாகத்துக்குள்ளேயே பக்குவப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருந்தன. சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு முன் இரண்டு மூன்று வீடுகளில் செய்துகாட்டுங்கள். எருவை ஒரு தட்டில் எடுத்துப்போய் முகரச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். உங்களால் எருவாக்கவே முடியாத சூழ்நிலை என்றாலும் பிரித்தாவது கொடுங்கள். கலந்து கொடுக்கும் குப்பையைக் கையால் துழாவிப் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். நாப்கினும் உடைந்த கண்ணாடியும் மீன் செதிலும் ஒரே பையில் அவர் கைக்குப் போவதை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

எருவைப் பயன்படுத்தும் முறை

எருவில் மட்டும் செடி நடாதீர்கள். மாடித் தோட்டத்துக்குச் செம்மண், நார்க் கழிவு, எரு மூன்றும் சம அளவில் கலந்த கலவை பெரும்பாலான காய்கறிகளுக்குப் பொருந்தும். ஏற்கெனவே வளரும் செடிக்கு மாதம் ஒரு முறை இரண்டு கை எரு, தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளி மேல்மண்ணைக் கிளறி இட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, வாழை தாராளமாக ஏற்கும். கற்றாழை, சப்பாத்திக்கள்ளிக்குத் தேவையில்லை. தோட்டமே இல்லாதவர்கள் தெருவோர மரங்களின் அடியில் இடலாம்.

சலித்த எருவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள், உள்ளே உயிர்கள் இருக்கின்றன. கோணிப்பையில் கட்டி நிழலில் வைத்து, தொட்டுப் பார்த்துக் காய்ந்திருந்தால் சிறிது தண்ணீர் தெளித்து, ஆறு மாதத்துக்குள் மண்ணில் சேர்த்துவிடுங்கள்.